ஒரே ஜீப்பில் வந்தவர்கள்

வக்கீலான எனக்குக் குடும்ப வழக்குகள்தான் பிழைப்பு. பல வருஷமாகியும் ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மாவிடம் சொல்லி, புருஷன் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி, கவுன்சிலிங்கில் சொல்லி ஓய்ந்து வந்தவளைக் கூண்டில் ஏற்றி, மறுபடியும் முதலிலிருந்து கேட்பார்கள். முன்னுக்குப் பின் மாறினால் பொய் என்பார்கள். அடிபட்ட மனசு தேதி வாரியாகவா ஞாபகம் வைத்திருக்கும்?

என் கட்சிக்காரி ஒருத்தி, போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுப்பவள். ராத்திரியில் வேண்டாம் வேண்டாம் என்று அழுதாலும் கட்டியவன் விட்டதில்லை. தாங்க முடியாமல், அதே எஸ்டேட்டில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மனைவி தன்னோடு சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று அவன் வழக்குப் போட்டான். உத்தரவு கிடைத்தால் அவளை அதே வீட்டில் கொண்டுபோய் விடப் பெரியவர்கள் தயாராக இருந்தார்கள்.

என் ஆபீசில் நான் அவளைத் துருவவில்லை. கிளார்க்கை வெளியே அனுப்பிவிட்டு, அவள் சொல்ல வந்ததை மட்டும் கேட்டேன். சொல்ல வராத நாளில் டீ குடித்துவிட்டுப் போனாள். பதில் மனுத் தயாராக மாசக்கணக்கானது.

விசாரணைக்கு வந்த அன்று அவள் முகத்தில் உயிரே இல்லை. அவனும் அதே ஜீப்பில் வந்திருக்கிறான். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே வரும் ஜீப்புதான் திரும்பிக் கீழே போடிக்கு இறங்கும். அதை விட்டால் கோர்ட் நேரத்துக்கு வேறு வண்டி கிடையாது. "புருஷன் பொண்டாட்டிதான, நெருக்கி உக்காருங்க" என்று டிரைவர் அவன் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டார். வளைவுக்கு வளைவு அவன் தோள் இடிக்க இடிக்க வந்திருக்கிறாள்.

வாய்தா கேட்டேன். "சாட்சிதான் வந்து நிக்கிறாங்களே, எதுக்கு வாய்தா?" என்றார் நீதிபதி. அவர் கெட்டவர் இல்லை. வழக்கை முடிக்கிற அவசரம். அந்த அவசரத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். போடியிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன். ஜீப்பு விஷயம் அவருக்குத் தெரியாததா?

"இன்னைக்கு எதுலம்மா வந்தே?"

"ஜீப்புலங்கய்யா."

"ஒம் புருஷன்?"

"அதுலதான்."

"ஒட்டி உக்காந்து வந்திருக்கே. ஜீப்புல வராத பயம் வீட்டுல மட்டும் எப்படிம்மா வரும்?"

"ஜீப்புல எல்லாரும் இருந்தாங்கய்யா. வீட்டுல யாரு இருக்கா?"

நீதிபதி டைப்பிஸ்டிடம் கோர்ட் தமிழில் சொன்னார்: "நானும் மனுதாரரும் ஒரே ஜீப்பில் அருகருகே அமர்ந்து வந்தோம் என்றால் சரிதான்." அவ்வளவுதான். அவள் சொன்ன மீதி காற்றோடு போயிற்று.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. முழுப் பதிலையும் பதிவு செய்யச் சொன்னேன். "அவரு முடிச்சப்பறம் ஒங்க மறுவிசாரணையில நீங்களே கேட்டுக்கங்க மேடம்" என்றார் நீதிபதி.

அந்த ஒற்றை வரி மட்டும் நின்றால், அதை வைத்தே அவளை அவனிடம் அனுப்பிவிடுவார்கள். மீதியும் ஏற வேண்டுமென்றால், அவன் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டில் நடந்ததை அவள் வாயாலேயே இன்னொரு தடவை சொல்ல வேண்டும். வேறு வழியே எனக்கு வைக்கவில்லை. எழுந்துபோய்க் கூண்டருகே நின்று, வீட்டில் என்ன பயம் என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நீங்களும் கேக்குறீகளாக்கா?" என்றாள்.