மாப்பிள்ளை ஆடிய ஞாயிறு

லோரிஸ் மெனெகாட்டிக்கு ஆத்திரம் வந்தால் இடது முழங்காலும் சேர்ந்து வலிக்கும். இத்தாலியில், போ என்ற ஆற்றின் கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரின் கால்பந்து அணிக்காக நடுக்களத்தில் ஓடித் தேய்ந்த கால். பந்தைப் பிடுங்கிக் கொடுத்தவன் அவன், கோல் போட்டுப் பேர் வாங்கியவர்கள் மற்றவர்கள். கால் போன பிறகு அதே அணிக்குக் கோச் ஆனான்.

அணியின் தலைவர் துராந்தே, சலாமி என்ற பதப்படுத்திய இறைச்சி செய்யும் தொழிற்சாலையின் முதலாளி. சீசன் தொடங்கியதுமே தன் மாப்பிள்ளை மிர்கோவை முன்வரிசையில் இறக்கச் சொன்னார். மிர்கோ அப்போது கொஞ்சம் ஓடினாலே இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவான். லோரிஸ் முடியாது என்றான். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தம் மட்டும் அப்படியே இருந்தது. அங்கே வழக்கம் அதுதான்: கோச்சை விரட்டுவார்கள், புதியவன் தோற்றால் பழையவனையே கூப்பிடுவார்கள். வெட்கங்கெட்ட வழக்கம்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் துராந்தே லோரிஸைத் தேடிக் காப்பிக் கடைக்கே வந்தார். புதிய கோச் தோற்றுக்கொண்டே வந்திருந்தான்; இதிலும் தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்குப் போய்விடும்.

“யோவ், கோபத்த விடு. நாளைக்கு மைதானத்துக்கு வந்துரு.”

“பதினோரு பேரை யாரு எடுக்கறது? இத்தனை பேர் முன்னாடி சொல்லுங்க தலைவரே.”

“நீதான்யா. போதுமா?”

பயிற்சியில்தான் வந்தது வினை. இந்த இடைவெளியில் மிர்கோ இளைத்து முறுக்கேறியிருந்தான். லோரிஸ் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தான். திரும்பும்போதெல்லாம் பந்து அந்தப் பாவியின் காலில்தான் இருந்தது.

சனிக்கிழமை மனைவி நிவெஸிடம் எரிந்து விழுந்தான். “இருக்கறதுல அவன்தான் நல்லா ஆடறான். மாப்பிள்ளைங்கறதுக்காக எடுக்கலைன்னா நானும் துராந்தேயும் ஒண்ணு.”

“எடுத்தா ஊரு என்ன பேசும்னு தெரியும்ல?”

தெரியும். எடுத்தான்.

ஞாயிறு மிர்கோ ஒரே ஒரு கோல் போட்டான். அணி பிழைத்தது. “நான் அன்னைக்கே சொன்னேன்ல!” என்று துராந்தே வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். ஊரே அவர் முதுகைத் தட்டியது.

சாயங்காலம் கடைக்காரர் லோரிஸுக்குக் காப்பியை நீட்டினார். “கடைசில பெரியவர் பேச்சைக் கேட்டுட்ட போல.”

லோரிஸ் கோப்பையை மேசையில் ஓங்கி வைத்தான். காப்பி சட்டையெல்லாம் தெறித்தது. “நான் எடுத்தேன்யா! அவர் இல்ல, நான் எடுத்தேன்!”

“சரி சரி, நீதான் எடுத்த,” என்று பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்த துராந்தே அவன் தோளில் கை போட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். கடை முழுக்கச் சிரித்தது.