அணையைத் திறந்து பார்த்தவர்

பள்ளியில் படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பு நின்றுபோனவள் நான். இன்னொருவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று தோன்றினால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவர் அணைக்கட்டு ஆள், ஆற்றை அளக்க வருபவர். ஒல்லியான தமிழர், தேய்த்த முழுக்கைச் சட்டை. எதைக் கேட்டாலும் முதலில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் பதில் சொல்வார். ஆற்றில் மீன்கள் பெருகுமா என்று அறிய மறுநாள் அணையைக் கூடுதலாகத் திறந்து பார்க்கப்போவதாக எங்கள் ரப்பர் தோட்டத்து ஆற்றங்கரையில் வந்து சொன்னார்.

“எவ்வளவு தண்ணி வரும் அண்ணே? நாலு ஆடு வச்சிருக்கேன்.”

எழுதிக்கொண்டார். “தொறந்து பார்த்தாதான் தெரியும்லா. பழைய ரப்பர் ஸ்டோர் மேட்டுல கட்டுங்கக்கா, போதும்.”

“அங்கயும் ஏறிட்டா?”

“ஏறுச்சுன்னா அடுத்த தடவ கொறைச்சுத் தொறப்போம். இப்படித்தான் கத்துக்கிறோம்.”

கேலியாகச் சொல்லவில்லை. பொறுமையாக, சொந்த அண்ணன் மாதிரி சொன்னார். ஆடுகளை இன்னும் மேலே இருக்கிற கோயிலுக்கே ஓட்டிப் போகட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. படித்தவரை நம்பாத மாதிரி ஆகிவிடுமே என்று கூச்சம். இன்றுவரை அவரைத் திட்டவும் முடியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதான் சொன்னார்.

மறுநாள் மேட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. நாலு ஆடும் கட்டிய கயிற்றோடு செத்துக் கிடந்தன. சாயங்காலம் அவர் வந்து பார்த்து, “மேடு பத்தலக்கா” என்றார்.