சேலை அலுமாரியில் எட்டு மாதம் இருந்த சொக்கலேட்

கிறிஸ்து பிறந்த நத்தார் தினத்தன்று, கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னப் பெண், நான் கொடுத்த சொக்கலேட்டை என் கண்முன்னாலேயே துப்பினாள்.

வயது மூன்று. என் தங்கையின் மகள். அவளை நான் பார்த்ததே அன்றுதான் முதல் தடவை. மாமா என்று சொல்லிக்கொண்டு வந்தவன் கொடுத்த முதல் பண்டம் அது. வாயில் வாங்கினாள், இரண்டு தரம் மென்றாள், முகத்தைச் சுளித்துத் தரையில் துப்பிவிட்டு, "மருந்து" என்றாள்.

பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. நானும் ஒன்றைத் தின்று பார்த்தேன். மருந்து எவ்வளவோ மேல்.

இந்த எரிச்சலை நான் யாரிடம் கொட்டுவது? வீட்டில் கொட்ட வழியில்லை — ஏனென்று போகப் போகத் தெரியும். ஆகவே வாரா வாரம் இந்தப் பத்தியில் என்னைப் பொறுத்துக்கொள்ளும் உங்களிடமே கொட்டுகிறேன்.

சிலருக்குச் சுருட்டு, சிலருக்குச் சீட்டாட்டம், எனக்குச் சொக்கலேட். நாற்பத்திரண்டு வயதுக் கிளாக்கருக்கு இது வெட்கமில்லையா என்று என் மனைவி பூமணி கேட்கிறாள். இல்லை. யுத்தம் நடந்த வருஷங்களில் சொக்கலேட்டின் வாசனைகூட என் மூக்கில் படவில்லை. சீனிக்கே கூப்பன் நீட்டிக்கொண்டு நின்ற காலத்தில் சொக்கலேட்டுக்கு எங்கே போவது?

அப்படியிருக்க, இந்தச் சித்திரையில் எங்கள் கந்தோர்த் துரை சீமையிலிருந்து லீவு முடிந்து வந்தவர், எனக்கு ஒரு டின் சொக்கலேட் கொடுத்தார். அசல் சீமைச் சரக்கு. வெள்ளவத்தை ஸ்டேசனில் இறங்கி, கைக்குழந்தையைக் கொண்டுவருவது போல் கொண்டுவந்தேன். பூமணி வாசலிலேயே வாங்கிக்கொண்டாள்.

"இது நல்ல சாமான். ஆரும் வந்தால் குடுக்கலாம்."

ஆரும் வந்தால்… இந்த இரண்டு சொற்களால் எங்கள் வீடுகளில் எத்தனை நல்ல பொருட்கள் நாசமாய்ப் போயிருக்கின்றன? நல்ல கோப்பை, நல்ல விரிப்பு, நல்ல பிஸ்கட் — எல்லாமே வரப்போகிற யாரோ ஒருவருக்கு. வீட்டுக்காரன் பிடி உடைந்த கோப்பையில் தேத்தண்ணீர் குடிக்கலாம்.

டின் சேலை அலுமாரிக்குள், கூறைச்சேலைக்கு அடியில் போனது. சாவி பூமணியின் இடுப்பில்.

சரி, ஆட்கள் வரவில்லையா? வந்தார்கள். அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி வந்தான். "அவன் வீட்டுப் பிள்ளை, அவனுக்கு வடையே காணும்" என்றாள் பூமணி. வழக்குப் பேசும் என் சிநேகிதர் புரொக்டர் வந்தார். "அவருக்குப் பல்லில்லை." பொரளையிலிருந்து டாக்டர் குடும்பத்தோடு வந்தார்; இந்த முறை தப்பாது என்று நான் அலுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அவையள் இதெல்லாம் கண்ட ஆக்கள். எங்கட டின்னை மதியாயினம்." ஒருவருக்கு அது அதிகம், மற்றவருக்கு அது போதாது. அந்த டின்னுக்குத் தகுந்த மனிதர் கொழும்பில் பிறக்கவில்லை என்று முடிவுகட்டினேன்.

இனித் தங்கை செல்வமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு வருஷத்துக்கு முன் அவள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் ஒருவரை மாதா கோயிலில் வைத்துக் கலியாணம் செய்துகொண்டாள். "அந்தப் பக்கம் ஒருத்தரும் போகப்படாது" என்றார் எங்களைப் பெற்ற ஐயா. ஒருவரும் போகவில்லை. போன வருஷம் ஐயா காலமானார். செத்தவீட்டுக்கு வந்தவள் பின்னால் நின்று அழுதுவிட்டு, ஒருவரோடும் கதைக்காமல் போய்விட்டாள். நான் பார்த்தேன். கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகாவது போயிருக்கலாம் அல்லவா? வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவே கடலா இருக்கிறது? கோட்டை வரை ரயில், அங்கிருந்து ரிக்‌ஷோ. ஐயாவின் சொல்லை மீறக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. எந்த முகத்தோடு போவதென்று தெரியவில்லை. அவ்வளவுதான்.

இந்த மார்கழியில் அவளிடமிருந்து ஒரு கார்ட் வந்தது. "அண்ணை, நத்தாருக்கு வாங்கோ. மச்சாளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இந்த முறை வராட்டில் இனிக் கேக்கமாட்டன்."

நத்தாருக்கு வெறுங்கையோடு போக முடியுமா? அவளுக்கும் சொக்கலேட் என்றால் உயிர். கொள்ளுப்பிட்டியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். "இல்ல சேர், நேத்தே முடிஞ்சி. அடுத்த கப்பல்லதான் வரும்" என்றார் மூன்றாவது கடைக்காரர். கப்பல் வரும்வரை நத்தார் காத்திருக்குமா?

எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன். பூமணி அந்தக் கார்டை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, டின்னை எடுத்து வந்து, கலர்த் தாளில் சுற்றி றிபன் கட்டினாள்.

"மச்சாள் எண்டு என்னையும் கேட்டிருக்கிறா. இதை அவவுக்குக் குடுப்பம்."

எட்டு மாதக் கோபம் போன இடம் தெரியவில்லை. அதோடு கொஞ்சம் பயமும் வந்தது.

ஏன் பயம்? ஆடியில் பூமணி தமக்கையோடு கதிர்காமம் போனாள். சாவியைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனாள். மூன்று நாள். நான் டின் மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த பட்டியை மெல்ல உரித்தேன். நாளைக்கு ஒன்று வீதம் மூன்றுதான் எடுத்தேன். பிறகு பட்டியைப் பசை பூசித் திரும்ப ஒட்டிவிட்டேன். கந்தோரில் இருபது வருஷம் கடித உறை ஒட்டிய கை, பூமணிக்குத் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனையில் செல்வமணி வாசலிலேயே நின்றாள். நானும் நின்றேன். "வாங்கோ மச்சான்" என்று கூப்பிட்ட அவள் கணவர் பிலிப், தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். நல்ல மனிதர். நாலு வருஷமாக இவரையா நாங்கள் ஒதுக்கி வைத்திருந்தோம்?

கேக் வந்தது. வைன் வந்தது. செல்வமணி றிபனை அவிழ்த்து டின்னைத் திறந்தாள்.

நப்தலீன். சேலையைப் பூச்சி அரிக்காமல் போடுகிற அந்த வெள்ளை உருண்டையின் வாசம் அறை முழுக்க அடித்தது. பூமணியின் சேலையிலும் அதே வாசம் என்பதால் ரயிலில் எங்களுக்குத் தெரியவில்லை. உள்ளே, மேல் வரிசையில், மூன்று கடதாசிக் கிண்ணங்கள் வெறுமையாக இருந்தன.

பூமணி டின்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அவள் பூட்டிவைத்தாள், நான் மூடியைத் தளர்த்தி அந்த வாசத்தை உள்ளே விட்டேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு டின் நல்ல சொக்கலேட்டைக் கொன்றிருக்கிறோம்.

யாராவது சொல்லுமுன் குழந்தை டின்னிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு என் மடியில் ஏறி, ஊட்டச் சொல்லி நீட்டியது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பிலிப் ஒன்றை எடுத்து, பூசையில் நிற்பவர் போல் முகத்தை வைத்துக்கொண்டு விழுங்கி, "நல்லாயிருக்கு மச்சான்" என்றார். பச்சைப் பொய்.

செல்வமணி ஒன்றை எடுத்தாள். மெதுவாகச் சாப்பிட்டாள். இன்னொன்றை எடுத்தாள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"செல்வம், விடு. துப்பு. நான் வேறை வாங்கியந்து தாறன்."

அவள் அதை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப இன்னொருக்கா வருவீங்களோ, அண்ணை?"

நாலு வருஷத்துக்காக அவள் ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் நானும் ஏதாவது நியாயம் சொல்லித் தப்பியிருப்பேன்.