ஹக்கீமாவின் பிஸ்தா நிற ஃபியட்

சூயெஸ் கால்வாய்க் கரையில் உள்ள இஸ்மாயிலியாவில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் மெக்கானிக் ஷஹாத்தாவின் பட்டறை; ஊருக்கு அவர் 'உஸ்தா', அதாவது தொழிலில் ஆசான். ஐம்பதை நெருங்கும் மனிதர். ஒல்லி. இடது காது மந்தம். பதினேழு வயதில் போர் வந்து ஊரே காலியானபோது அவர் குடும்பமும் மன்சூராவுக்குப் போயிற்று. அங்கே லாரிகளுக்கு அடியில் படுத்துத் தொழில் கற்றார். எட்டு வருடம் கழித்து ஊர் திரும்பியபோது ஒரு பை நிறைய ஸ்பேனர்களும் ஒரு மரக்குச்சியும் கொண்டுவந்தார். குச்சியின் ஒரு முனையை ஓடும் எஞ்சினில் ஊன்றி, மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். நல்ல காது உள்ளவர்களுக்குக் கேட்காததெல்லாம் அவருக்குக் கேட்கும்.

அவர் மனதில் ஒரு முள் உண்டு. முப்பது வயதில், தன் திறமைமேல் மிதப்பாக இருந்த காலத்தில், பய்யூமி என்கிற சூயெஸ் டாக்ஸிக்காரரிடம், "எஞ்சின் முடிஞ்சுபோச்சு, வித்துடுங்க" என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். பய்யூமி அழாத குறையாக வண்டியைப் பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட்டுப் போனார். கடைக்காரன் அடைத்துக் கிடந்த ஒரு குழாயை ஊதி எடுத்தான். அந்த டாக்ஸி இன்னொருவர் கையில் பத்து வருடம் ஊருக்குள் ஓடியது. அதைக் காணும்போதெல்லாம் ஷஹாத்தா தெருவின் மறுபக்கத்துக்கு நடந்துவிடுவார். அதற்குப் பிறகு எந்த வண்டியையும் அவர் அவசரப்பட்டு முடிந்தது என்று சொன்னதில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருடம் அவருக்குச் சோதனையாக வந்தது இன்ஸாஃப் அம்மாளின் ஃபியட் 1100. இன்ஸாஃப் மருத்துவச்சி. ஊரில் எல்லோரும் ஹக்கீமா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அறுபது வயதிலும் நிமிர்ந்த நடை. நல்லதண்ணீர்க் கால்வாய் ஓரத்துக் கிராமங்களில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். அறுபத்திரண்டாம் வருடத்து மாடலான அந்த வண்டிக்கு அவரே தேர்ந்தெடுத்து அடித்த பிஸ்தா நிறம். அது மண்பாதையில் வரும் தூசியைப் பார்த்தே பிரசவ வீட்டார் அடுப்பில் வெந்நீர் வைப்பார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் வண்டி படுத்த ஆரம்பித்தது. காலையில் எஞ்சின் முக்கி முனகும், திரும்பாது. கிளம்பினாலும் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது பொட்டென்று நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து, எதுவும் நடக்காததுபோல் மறுபடி கிளம்பும். விளக்குகள் மினுக்கும். பேட்டரி தேறவே தேறாது.

ஷஹாத்தா முதலில் பேட்டரி முனைகளைச் சுரண்டினார். அடுத்த முறை ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி உள்ளே தேய்ந்ததை மாற்றினார். பிறகு தீப்பொறிக்கு மின்சாரம் தரும் 'காயில்' என்ற பாகத்தை மாற்றினார். பிறகு கார்புரேட்டரைப் பிரித்து, ஒவ்வொரு துளையையும் ஊதிச் சுத்தம் செய்தார். ஒவ்வொரு முறையும் வண்டி பட்டறை வாசலில் சமர்த்தாக ஓடியது. ஒவ்வொரு முறையும் பத்து நாளுக்குள் யாராவது தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். எதிர்க்கடை ஃபிக்ரி பேட்டரி வியாபாரி, ஷஹாத்தாவின் பால்யத் தோழன். ஹக்கீமாவுக்கு ஏற்கெனவே இரண்டு பேட்டரி விற்றிருந்தான். இந்த வண்டியைச் சரி பண்ணிவிடாதே, என் மகள் கல்யாணம் இதை நம்பித்தான் இருக்கிறது என்று கேலி செய்தான். ஷஹாத்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மரக்குச்சியைக் கடித்துக் கடித்துப் பல்தான் வலித்தது. எஞ்சின் உள்ளே ஆரோக்கியமாக இருந்தது. பின்னே ஏன் நிற்கிறது?

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஹக்கீமா தானே ஓட்டிக்கொண்டு வந்தார். எஞ்சினை அணைத்துவிட்டு, இது கடைசி முறை என்றார். கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடும் ஜகாஸீக் ஊர் ஆள் ஒருவர் வெள்ளிக்கிழமை வருகிறாராம். அவருக்கே கொடுத்துவிடப் போகிறார். அதுவரை ஓடினால் போதும். குரலில் கோபம் இல்லை. அதுதான் ஷஹாத்தாவை உறுத்தியது.

ஒருமுறை ஸ்டார்ட் செய்து காட்டும்படி கேட்டு, ஜன்னலோரம் நின்றார். ஹக்கீமா கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மடித்து, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக் குமிழின்மேல் சுற்றிப் பிடித்து இழுத்தார். குக்கர் மூடியைத் தொடுபவர்போல வெகு இயல்பாக.

"கைக்குட்டை எதுக்கு, ஹக்கீமா?"

"சுடுதுல்ல?"

"எது சுடுது?"

"இந்தக் குமிழுதான். ரெண்டு மூணு தடவ ஸ்டார்ட் பண்ணினா தொட முடியாது. எஞ்சின் சூடு ஏறி வருதுன்னு நெனச்சேன். எல்லா வண்டியிலயும் அப்படித்தானே?"

ஷஹாத்தா ஜன்னலுக்குள் குனிந்தார். கையை உள்ளே நீட்டிக் குமிழைப் பிடித்துக்கொண்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் முனகியது. மூன்றாவது முனகலில் அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய சோக் கம்பியின் உறையிலிருந்து நூலிழை போலப் புகை வந்தது. ஐந்து மாதமாக வண்டியின் வாயைத் திறந்து பார்த்தவர், ஓட்டுகிறவரின் கையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

பேட்டரியிலிருந்து எஞ்சினுக்குப் போன மின்சாரம் திரும்பி வந்தாக வேண்டும். எஞ்சின் உட்கார்ந்திருப்பதோ ரப்பர் கால்களில். அதனால் எஞ்சினையும் வண்டியின் உடம்பையும் ஒரு தடித்த செம்புப் பின்னல் இணைத்திருக்கும். அது இல்லையென்றால் மின்சாரம் எங்கே இரும்பு தொடுகிறதோ அந்த வழியாகத் திருட்டுத்தனமாகத் திரும்பும். முன்பெல்லாம் புகைக்குழாய் வழியாகத் திரும்பியிருக்க வேண்டும். குளிர்காலத்தில் வேறு பட்டறையில் எங்கோ புதுப் புகைக்குழாய் போட்டு, ரப்பர் வளையத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த வழியும் அடைபட்டு, பாரம் முழுவதும் இந்தச் சோக் கம்பிமேல் விழுந்திருக்கிறது.

அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் நகர்ந்தார். எஞ்சினோடு ஒட்டியிருக்கும் கியர்ப்பெட்டியின் பக்கவாட்டில் பின்னல் மாட்டும் இடத்தில் மண் அடைத்த ஒரு வெற்று ஓட்டை. பின்னல் இல்லை.

அடியில் படுத்தபடியே அவருக்கு ஞாபகம் வந்தது. பதினெட்டு மாதத்துக்கு முன் கிளட்ச் மாற்ற இந்தக் கியர்ப்பெட்டியை இறக்கியது அவர்தான். பின்னல் இற்றுப்போயிருந்தது. புதிது போடலாம் என்று கழற்றி, பட்டறைச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டினார். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்கிறார். இங்கே தேநீர் குடிக்க வரும் ஃபிக்ரி, குவளை துடைக்கும் துணியை அதன்மேல்தான் காயப்போடுகிறான்.

வெளியே வந்தார். ஹக்கீமாவுக்கு நாற்காலி போட்டுவிட்டு, உள்ளே போய் ஆணியின் முன் நின்றார். ஃபிக்ரி என்னவென்று கேட்டு வந்தான். விஷயம் தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"யோவ், வாயத் திறக்காத. அறுபத்திரெண்டு மாடல் வண்டி. கழண்டு ரோட்டுல விழுந்துருச்சுன்னு சொல்லு. யாரு கேக்கப்போறா?"

"ரோட்டுல விழுந்தது ஆணியில எப்படிடா தொங்கும்?"

"ஆணியப் புடுங்கிடு."

ஷஹாத்தா உண்மையாகவே ஒரு நிமிடம் யோசித்தார். மனைவியின் முகம் வந்தது, பய்யூமியின் முகம் வந்தது, தெருவில் நாளை நடக்கப்போகும் பேச்சு வந்தது. பிறகு துணியை எடுத்து ஃபிக்ரியின் தோளில் போட்டுவிட்டு, பின்னலைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"ஹக்கீமா, இது உங்க வண்டியோடது. கிளட்ச் மாத்துன அன்னிக்கு நான் கழட்டினேன். புதுசு போடணும்னு நெனச்சு மறந்துட்டேன். பேட்டரி, காயில், அதெல்லாம் ஒண்ணுமே கெடல. எல்லாம் இதால வந்தது."

ஹக்கீமா பின்னலை வாங்கி, பிரசவத்தில் தொப்புள்கொடியைப் பார்ப்பதுபோல் புரட்டிப் பார்த்தார்.

"போன மாசம் ஒரு பிரசவத்துக்குப் போறப்ப வண்டி நின்னுபோய், அபூ ஸுவைர் ரோட்டுல ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னேன், உஸ்தா. நான் போய்ச் சேர்றதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குப் புள்ள பொறந்துருச்சு. மாமியாக்காரி வெங்காயம் நறுக்குற கத்தியால கொடிய அறுத்திருக்கா."

"புள்ள?"

"நல்லாருக்கு. அது உங்க அதிர்ஷ்டம்."

ஷஹாத்தா தலையைக் குனிந்துகொண்டார். ஹக்கீமா குடிக்கத் தண்ணீர் கேட்டார். மெதுவாகக் குடித்து முடித்தார்.

"நான் இப்படி ஒரு காரியம் பண்ணியிருந்தா என்னைச் சும்மா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன், ஹக்கீமா."

"நானும் விடல. போய் வேலையப் பாருங்க."

இற்றுப்போன பின்னலை அவர் மாட்டவில்லை. லாரிக்கு வைத்திருந்த தடித்த செம்புக் கம்பியை வெட்டி, இரு முனையிலும் வளையம் அடித்தார். கியர்ப்பெட்டியிலும் உடம்பிலும் இரும்பு பளபளக்கும்வரை துருவையும் பெயிண்டையும் சுரண்டி, கம்பியை வைத்து முறுக்கி, கிரீஸ் பூசினார். கருகிய சோக் கம்பியையும் மாற்றினார். மதியத் தொழுகைக்கு முன் வேலை முடிந்தது.

ஹக்கீமா சாவியைத் திருப்பினார். எஞ்சின் முனகவில்லை, சட்டென்று பிடித்துக்கொண்டது. அணைத்துவிட்டு மறுபடி, மறுபடி என்று ஆறு முறை ஸ்டார்ட் செய்தார். ஒவ்வொரு முறையும் இடது கை விரல்கள் குமிழின்மேலேயே இருந்தன. பிறகு ஷஹாத்தாவைப் பக்கத்தில் ஏறச் சொன்னார். திம்ஸாஹ் ஏரியைச் சுற்றி, வேண்டுமென்றே எல்லாப் பள்ளங்களிலும் இறக்கி ஏற்றி ஓட்டினார். கதவுப்பிடியைப் பற்றியபடி ஷஹாத்தா உட்கார்ந்திருந்தார். வண்டி எங்கும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த ஜகாஸீக் ஆளுக்கு ஹக்கீமா வீட்டில் தேநீர் மட்டும் கிடைத்தது. காயிலுக்கும் ஸ்டார்ட்டருக்கும் வாங்கிய கூலியை ஷஹாத்தா திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஹக்கீமா மறுக்காமல் வாங்கிக்கொண்டார். நடந்ததைத் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. ஃபிக்ரிதான் எல்லோரிடமும் சொன்னான். இரண்டு பேட்டரி விற்றதை மட்டும் விட்டுவிட்டு.

இரண்டு மாதம் ஹக்கீமா பட்டறைப் பக்கம் வரவில்லை. ஷஹாத்தா அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டார். ஆகஸ்டில் ஒரு நாள் பிஸ்தா நிற வண்டி வாசலில் வந்து நின்றது. ஹக்கீமா இறங்கி, எண்ணெய் மாற்ற வேண்டும், பிரேக்கையும் பார்த்துவிடுங்கள் என்றார். பின்னிருக்கையில் கன்தரா தோட்டத்திலிருந்து கொண்டுவந்த மாம்பழக் கூடை இருந்தது. யாருக்கோ சுகப்பிரசவம் பார்த்ததற்குக் கிடைத்ததாம். அதில் நாலு பழத்தை எடுத்துப் பட்டறை மேசைமேல் வைத்தார்.

"வேலைய முடிச்சுட்டு சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் தானே இழுத்து, ஷஹாத்தாவின் கைகள் தெரிகிற இடத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.