அண்ணே, பாத்தவுக யாரு?

செல்வராணி இறந்த செய்தி போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் வந்தது. பட்டாசுப் பெட்டி லேபிளுக்கு மயில் வரைந்துகொண்டிருந்தேன். அச்சகத்து மெஷின்மேன் மாரிமுத்து போனில் பேசினார். "அண்ணாச்சி, நம்ம செல்வராணி அக்கா போயிட்டாக. மஞ்சக்காமாலை முத்திப்போச்சாம்." நான் வாய் தவறி, "பாத்தவுக யாரு?" என்று கேட்டுவிட்டேன். அவர் அழுதுவிட்டார். செல்வராணியை அறிந்த உங்களுக்கு அந்தக் கேள்வி யாருடையது என்று தெரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

திருத்தங்கலில் ஒரே அச்சகத்தில் நாங்கள் பல வருஷம் வேலை பார்த்தோம். அவர் கம்ப்யூட்டரில் எழுத்து அடிப்பவர். நான் படம் போடுபவன். என்னைவிட நான்கு வயது இளையவர். லேபிளும் காலண்டரும் முடிந்து மெஷின்கள் சும்மா நிற்கும் மாசி மாதத்தில், முதலாளியிடம் கெஞ்சி, மிச்சக் காகிதத்தில் வருஷத்துக்கு ஒரு சிறுவர் புத்தகம் போடுவார். நம் பக்கத்து ஆடு, நாய், காக்கைகள் செய்த சாமர்த்தியமும் சேட்டையும்தான் கதைகள். ஒவ்வொன்றின் அடியிலும் 'பார்த்தவர்' என்று ஒரு பெயரும் ஊரும் இருக்கும். "பாத்தவுக பேரு இல்லைன்னா அது கதை இல்லண்ணே, புரளி" என்பார். எனக்குப் பல நாள் எரிச்சலாக வரும்.

மல்லாங்கிணற்றில் ஓர் ஆடு தினமும் மினிபஸ்ஸில் ஏறிச் சந்தையில் இறங்கி, முட்டைக்கோஸ் இலை தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்புகிறது என்று யாரோ சொன்னார்கள். இவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்த பஸ்ஸிலேயே போய்வந்தார். மூன்றாவது வாரம் ஆடு வந்தது. கடைசி சீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு, இவர் குறிப்பெழுதிய தாளையும் தின்றுவிட்டது. "டிக்கெட் எடுக்கல, என் நோட்டையும் முடிச்சிருச்சுண்ணே. இனி ஆட்டைத்தான் அச்சடிக்கணும்" என்று மறுநாள் அவர் சிரித்த சிரிப்பில் மெஷின் சத்தமே கேட்கவில்லை.

அடுத்த வருஷப் புத்தகம் மெஷினுக்கு ஏறும் நாளில் அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். பதினாறு பக்கத்தில் ஒரு பக்கம் காலி. மாரிமுத்து அவசரப்படுத்தினார். நான் உட்கார்ந்து ஒரு நாயை இட்டுக்கட்டினேன். தாயில்பட்டியில் ஒரு கறுப்பு நாய், பட்டாசு அறை வெடிக்கப்போவதை முன்கூட்டியே மோப்பம் பிடித்து, உள்ளே இருந்த பெண்களைச் சேலையைக் கவ்வி வெளியே இழுத்துக் காப்பாற்றியது என்று எழுதினேன். பார்த்தவர்: முத்துமாரி, தாயில்பட்டி. அந்த ஊரில் ஒரு முத்துமாரி இல்லாமலா போவாள் என்று நினைத்தேன். படம் நன்றாக அமைந்துவிட்டதில் எனக்குப் பெருமை வேறு.

இரண்டு வாரத்தில் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. தாயில்பட்டியில் நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் எழுதியிருந்தாள். அந்த நாய் யார் வீட்டில் இருக்கிறது, ஊரில் யாருக்கும் தெரியவில்லை, அதை எங்கம்மா வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

செல்வராணி கார்டை என் மேஜையில் வைத்தார். "அண்ணே, பாத்தவுக யாரு?"

"யாரும் இல்ல" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஆடு பஸ்ல ஏறாட்டி யாருக்கும் ஒண்ணும் ஆகாதுண்ணே. இந்தப் பிள்ளை நாயை நம்பி அம்மாவை வேலைக்கு அனுப்பும்" என்றார். மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தாயில்பட்டிக்கு பஸ் ஏறினார். கூட வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. அடுத்த நாள் வேலைக்கு வந்து, "சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்குது. நீங்க பாக்கலைன்னா நாய் இல்லைன்னு ஆயிருமான்னு கேக்குது" என்றார். அன்று அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை.

மறுவருஷப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தார். 'சென்ற புத்தகத்தில் வந்த தாயில்பட்டி நாயைப் பார்த்தவர் எவரும் இல்லை. தவறு என்னுடையது. செல்வராணி.' அந்தப் புரூஃபை என்னிடம் நீட்டி, "ஒரு தடவ படிச்சுப் பாருங்கண்ணே. எதுவும் திருத்தணுமா?" என்று கேட்டார். நான் படித்தேன். "சரியாத்தான் இருக்கு" என்று கொடுத்துவிட்டேன். பிறகு அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போன பள்ளிக்கூடம் ஒன்றில், "இதுவும் நீங்க விட்ட கதைதானா?" என்று கேட்டார்களாம். அதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார்.

போன வாரம் எங்கள் வீட்டு முருங்கையில் ஓர் அணில், லேபிள் வெட்டிய ஜிகினாத் துண்டுகளைப் பொறுக்கிக் கூட்டுக்குக் கொண்டுபோயிற்று. செல்வராணியிடம் சொல்ல வேண்டுமென்று சைக்கிளை எடுத்துத் தெருமுனை வரை போய்விட்டேன். அங்கேதான் நினைவு வந்தது. காலை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அந்தக் கேள்வியை ஒரே ஒரு தடவை அவர் குரலில் கேட்டால் போதும் என்று இருக்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியும், அன்று திருத்தாமல் கொடுத்து, அச்சானபின் எடுத்துவைத்துக்கொண்ட அந்தப் புரூஃபும்தான். இன்று திருத்துகிறேன். தாயில்பட்டி நாயை எழுதியவன் நான். தவறு என்னுடையது, செல்வராணியுடையது அல்ல. இங்கே எழுதியிருப்பதெல்லாம் நடந்தவை.

பார்த்தவர்: கதிரேசன், திருத்தங்கல்.