நெருப்பில் நடந்த லிஃப்ட் மெக்கானிக்

உங்கள் அடுக்ககத்து லிஃப்டைப் பழுதுபார்க்க வருகிறவரிடம், அந்த லிஃப்டைப் பற்றி யாராவது அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்களா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

பென்னியை யாரும் கேட்கவில்லை. சென்னை அஸ்தினாபுரத்துக்காரர். மீசை அரும்பிய வயதில் ஒரு சிறிய லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் சேர்ந்து, பழைய லிஃப்டுகளோடு தலை நரைத்தவர். புது வகை லிஃப்டுகள் வந்ததும், தயாரிப்பாளர்கள் நடத்தும் பயிற்சிக்குத் தன்னை அனுப்பும்படி முதலாளி ஷ்யாம்சுந்தரைக் கேட்டார்.

"அனுப்பலாம் பென்னி. நீ கத்துக்கிட்டு வேற கம்பெனிக்குப் போயிட்டீன்னா?"

"இத்தினி வருசமா இங்கதான சார் கீறேன்? இனிமே எங்க போவப்போறேன்?"

"பார்க்கலாம்."

பார்த்தார். கோவளம் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்கு எல்லோரையும் கூட்டிப்போய், தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை வைத்துத் தணலில் நடக்கவிட்டார். லிஃப்ட் பயிற்சிக்கு வராத பணம் அதற்கு வந்தது.

"நெருப்பு சுடாது! உங்க பயம்தான் சுடும்!" என்று மைக்கில் முழங்கினார் பேச்சாளர்.

"அப்ப டீ மாஸ்டர் இன்னாத்துக்கு சார் துணி புட்சிகினு பாய்லரத் தொடுறான்?" என்றார் பென்னி. எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி மட்டும் முறைத்தார்.

பென்னியும் நடந்தார், பாதம் வேகவில்லை. கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். விரைந்து நடந்தால் கோழைக்கும் சுடாது. இந்தப் பள்ளிக்கூட அறிவியலை அற்புதமாக்கிக் காசு பார்ப்பவனும், அதைத் தொழிலாளிக்குப் பயிற்சி என்று கணக்குக் காட்டுபவனும் ஒரே குட்டையில் ஊறியவர்கள்.

அடுத்த மாதம் ஊரப்பாக்கத்தில் ஒரு புது லிஃப்ட் பாதியில் நின்றது. பென்னி வழக்கம்போல மெயினை அணைத்துவிட்டு, வடம் ஓடும் சக்கரத்தருகே கையை விட்டார். பழைய லிஃப்ட் என்றால் அத்தோடு அடங்கியிருக்கும். இதிலோ மின்சாரம் நின்றால், உள்ளே இருப்பவர்களை அடுத்த மாடியில் இறக்கிவிட பேட்டரி தானாக இயங்கும். இயங்கியது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

மருத்துவமனைக்கு ஆப்பிளோடு வந்த ஷ்யாம்சுந்தர், "நெருப்புல நடந்தவன் நீ. மனசு விடலாமா?" என்றார்.

பென்னியின் மனைவி ஜாஸ்மின் ஆப்பிள் பையைத் திருப்பிக் கொடுத்தார். "நெருப்பக் காட்டுன காசுல அந்த பேட்டரியக் காட்டிக்கீலாம்ல சார்? எடுத்துகினு போங்க."

இப்போது பென்னியின் இடத்தில் வேறொருவர் வருகிறார். அவரும் நெருப்பில் நடந்தவர்தான். நாளை உங்கள் வாசலுக்கு வரலாம். அவர் கையை உள்ளே விடுமுன் கேளுங்கள்: "அண்ணா, இந்த லிஃப்டுக்கு டிரெய்னிங் எடுத்தீங்களா?" இல்லை என்றால் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, அவருடைய முதலாளிக்குப் போன் செய்யுங்கள். பயிற்சி பெற்றவர் வரும்வரை படியேறுங்கள்.