அழகுபாண்டி ஓட்டிய வண்டிகள்

சோழவந்தான் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்புகிற முக்கில், புறம்போக்கில் தகரக் கொட்டகை போட்டுப் பஞ்சர் ஒட்டுகிறவர் அழகுபாண்டி. அந்தக் கொட்டகையை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் காலேஜ் வரை கொண்டுவந்து சேர்த்தார். வேறு தொழில் தெரியாது.

முக்குக்குப் பின்னால் வயலெல்லாம் மனையாகி, கலர் கலராகக் கொடி நட்டதிலிருந்து மனுஷருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புது நகருக்கு வாசல் இந்தப் பக்கமா, கண்மாய்ப் பக்கமா? அந்தப் பக்கம் போய்விட்டால் வண்டிகளும் போய்விடும். அப்புறம் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஒருநாள் காலை எஸ்தர் என்கிற இன்ஜினியர் அம்மா குடையும் நாற்காலியுமாக முக்கில் வந்து உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளை எண்ண ஆரம்பித்தார்.

"எதுக்கும்மா எண்ணுறீக?"

"வண்டிப் போக்குவரத்தைப் பாத்துத்தாண்ணே ரோடு எங்க, எப்படின்னு முடிவு பண்ணுவாங்க."

நிறையப் போனால் நல்லதா, குறையப் போனால் நல்லதா? அழகுபாண்டி மண்டையைச் சொறிந்துகொண்டு மச்சினன் ராம்கியிடம் கேட்டார்.

"கூட்டம் இருக்க எடத்துலதான மச்சான் பஸ்ஸையே நிப்பாட்டுறான்? காமிச்சுருவோம்."

ஊரே கிளம்பிவிட்டது. பால்வண்டி பால் இல்லாமல் போனது. பக்கத்து வயல்காரர் காளையின் டிராக்டர் உழவை மறந்துவிட்டு ரோட்டிலேயே சுற்றியது. அழகுபாண்டி கடையைப் பூட்டிவிட்டுத் தன் டிவிஎஸ்ஸில் போனார், வந்தார், சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடியும் போனார். எதிரே ஒருவர் காற்றில்லாத பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்காகக்கூட வண்டியை நிறுத்தவில்லை. எஸ்தர் தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதம் எஸ்தர் திரும்பி வந்தபோது, உடன் வந்த ஆள் கொட்டகைத் தகரத்தில் சிவப்பு பெயிண்டால் குறி போட்டார்.

"வாசல் இந்தப் பக்கந்தாண்ணே. ஆனா இத்தனை வண்டி திரும்புற முக்கு குறுகலா இருந்தா ஆபத்து. அகலப்படுத்தணும். கடையை எடுக்கச் சொல்லுவாங்க."

"அம்மா, அதுல பாதி நாந்தாம்மா! பச்சைச் சட்டையும் நாந்தேன், கோடு போட்ட சட்டையும் நாந்தேன். அம்புட்டையும் அடிச்சுட்டு மறுபடி எண்ணும்மா."

எஸ்தர் திகைத்துப் போய் நின்றார். "நீங்க ஓட்டலைன்னாலும், வீடுக வந்தா இத்தனை வண்டி வரத்தான் செய்யும்ணே."

"அப்ப கடை நான் ஓட்டுனதால போகுதா, ஓட்டாட்டியும் போயிருக்குமா?"

"இப்ப எனக்கே தெரியலண்ணே."

அவர் போன பிறகு ஒருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்றைக்கு எதிரே வந்த அதே ஆள்.

"போன மாசம் அவசரத்துக்கு வந்தேன், கடை பூட்டிக் கெடந்துச்சு. எங்கண்ணே போயிருந்தீக?"

அழகுபாண்டி டயரைக் கழற்றினார். டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.